கையால் வனைந்த செராமிக் தொட்டிக்கும் போன்சாய்க்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

பெங்களூரில் பாட்டரி வகுப்புக்குப் போய் நீங்களே ஒரு நீலத் தொட்டி வனைந்திருக்கிறீர்கள், அதில் எந்தப் போன்சாய் வைக்கலாம் என்று கேட்கிறீர்கள். என் பதில், ஆரஞ்சு நிறக் காகிதப்பூ. இங்கே அடிக்கும் வெயில் அதற்குப் போதும். அடர்ந்த நீலத்துக்கு மேலே அந்தப் பூ எடுப்பாகத் தெரியும். அடியில் வடிதுளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தொட்டிக்கு முன்னால் மரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கையால் செய்கிறோம் என்றாலே நமக்கு ஆசை கூடிவிடுகிறது. மூன்று நிறம் வழிய வேண்டும், விளிம்பு நெளிய வேண்டும், பக்கவாட்டில் ஓர் இலை வேலைப்பாடும் வேண்டும். கடைசியில் பார்க்கிறவர் தொட்டியைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்ட தொட்டிகள் எனக்கும் பிடிக்கும், காலியாக அலமாரியில் இருக்கும்வரை.

ஜப்பானிய வழக்கில் தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு; ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் தடிமன். 45 செ.மீ. மரத்துக்கு 30 செ.மீ. தொட்டி. பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு) பூசாத பழுப்புத் தொட்டி. பூக்கும், காய்க்கும் மரங்களுக்கு மெருகிட்டது. ஜப்பானின் டோக்கோனமேயும் சீனாவின் யிசிங்கும் அந்த மெருகிடாத தொட்டிகளுக்குப் பேர்போன ஊர்கள். புதிதாக இருக்கும்போது அவை சப்பென்றுதான் இருக்கும். வருடக்கணக்கில் நீரும் கையும் பட்டுப் பட்டு ஒரு மங்கிய மினுமினுப்பு ஏறும். அதற்காகவே பழைய தொட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

விழுது இறங்கும் ஆலுக்கும் அதன் இனமான கல்லிச்சிக்கும் இந்த உயரக் கணக்கை நான் பின்பற்றுவதில்லை. கிளை பரவும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொள்வேன். விழுது ஊன்ற இடம் வேண்டுமே! ஆழமில்லாத நீள்வட்டத் தட்டு, சாம்பல் அல்லது பாசி நிறம், வேலைப்பாடு எதுவும் வேண்டாம்.

செய்யச் சொல்லி வாங்குவதானால் தொட்டியின் முன்பக்க வடிவத்தை அட்டையில் வெட்டி மரத்தின் கீழே பிடித்துப் பாருங்கள், பிறகு அதையே குயவரிடம் கொடுங்கள். அட்டையில் இருப்பது சூளையிலிருந்து வெளியே வரும்போது இருக்க வேண்டிய அளவு என்று அழுத்திச் சொல்லுங்கள். ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்டு இறுகவைக்கும் மண்பாண்ட வகை) களிமண் உலர்ந்து வேகும்போது பத்து சதவீதத்துக்கு மேலேயே சுருங்கக்கூடும். வாய் உள்பக்கமாக வளையக் கூடாது. வளைந்தால் வேர் வெட்டுவதற்கு மரத்தை வெளியே எடுக்க முடியாது, தொட்டியைத்தான் உடைக்க வேண்டும். உள்ளே மெருகு வேண்டாம். பெரிய வடிதுளைகளோடு, மரத்தைக் கட்டி நிறுத்தும் கம்பிக்குச் சிறு துளைகளும் தேவை. அடியில் கால்கள் இருந்தால்தான் நீர் வடியும், காற்றும் போகும். அகலமான தட்டையான தொட்டி சூளையில் கோணிக்கொள்ளும் என்பதால் குயவர் விலை கூட்டிச் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

பெங்களூரின் குயவர் பகுதியான பாட்டரி டவுனில் தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் சுடுமண்தான். உறைபனி விழும் நாடுகளில் அது வெடித்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. போர்வெல் நீர்தான் தொந்தரவு. சுடுமண் நீரை உறிஞ்சி வெளியே கசியவிடுவதால் சுவரெல்லாம் வெள்ளை உப்புப் படியும். காவிரி நீரோ மழைநீரோ ஊற்ற முடிந்தால் சுடுமண் வாங்குங்கள், இல்லையென்றால் 1200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் கேளுங்கள்.