டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வயரிங்: போர்டைக் கணினியோடு பேச வைப்பது குறித்த கேள்வி பதில்

கேள்வி: சார், என் மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் யூஎஸ்பி சாக்கெட் இல்லை. டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), ஜிஎன்டி (கிரவுண்ட்) பின்கள் மட்டும் இருக்கின்றன. யூஎஸ்பி கேபிளை வெட்டி, பச்சை, வெள்ளை வயர்களை அந்தப் பின்களில் நேராகச் சேர்க்கலாமா?

பதில்: வேலை செய்யாது. அந்த இரண்டு வயரும் ஜோடியாகச் சேர்ந்துதான் தகவலைச் சுமக்கும். சீரியல் பின்களில் போக ஒரு வயர், வர ஒரு வயர். நடுவே ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வேண்டும். உள்ளே சிஎச்340, சிபி2102, எஃப்டி232 என எந்தச் சிப் இருந்தாலும் சரி, 3.3, 5 வோல்ட் மாற்றும் ஜம்பரும் டிடிஆர் பின்னும் (நிரல் ஏற்றும்போது போர்டை ரீசெட் செய்ய உதவுவது) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஒன்பது பின் ஆர்எஸ்232 கேபிளை மட்டும் நேராகச் செருகிவிடாதீர்கள். அதில் மைனஸ் வோல்டேஜும் வரும், சிப் போய்விடும்.

கேள்வி: டிஎக்ஸை டிஎக்ஸோடும் ஆர்எக்ஸை ஆர்எக்ஸோடும் சேர்த்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை.

பதில்: மாற்றிப் போடுங்கள். ஒரு பக்கத்து வாய் மறுபக்கத்துக் காதுக்குப் போக வேண்டும். சில போர்டுகளில் எதிர்ப்பக்கத்தை மனதில் வைத்துப் பெயர் அச்சிட்டிருப்பார்கள், அதனால் குழப்பம் சகஜம். டிஎக்ஸ் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் தப்பாகச் சேர்த்தாலும் பின் தப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: போர்டுக்குத் தனி பவர் சப்ளை கொடுக்கிறேன். ஜிஎன்டி வயரும் வேண்டுமா?

பதில்: கட்டாயம். விசிசி (பவர்) வயரை விட்டுவிடுங்கள், ஜிஎன்டியை விடாதீர்கள்.

கேள்வி: அடாப்டர் ஜம்பரை 3.3 வோல்ட்டில் வைத்து, அதே 3.3 வோல்ட்டில் ஓடும் வைஃபை சிப்பான இஎஸ்பி8266-ஐச் சேர்க்கலாம் அல்லவா?

பதில்: அவசரப்படாதீர்கள். சில மலிவு அடாப்டர்களில் அந்த ஜம்பர் விசிசி பின்னை மட்டும்தான் மாற்றும். டிஎக்ஸ் 5 வோல்ட்டிலேயே நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம். எதுவும் அனுப்பாதபோது டிஎக்ஸ் எப்போதும் உயர்ந்த நிலையில் இருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஜிஎன்டியிலும் சிவப்பு முனையை டிஎக்ஸிலும் வையுங்கள், மீட்டர் காட்டுவதுதான் உண்மை. 5 காட்டினால் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து ஜிஎன்டிக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும், அதைப் போர்டின் ஆர்எக்ஸில் கொடுங்கள்.

அப்புறம், பவரை அடாப்டரின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். எஃப்டி232ஆர் சிப்பிலிருந்தே வரும் பின் என்றால் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். வைஃபை இணையும் நொடியில் இஎஸ்பி8266 அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே பவர் எங்கிருந்து என்றுதான்.

கேள்வி: எழுத்து வருகிறது, ஆனால் எல்லாம் கிறுக்கல்.

பதில்: பெரும்பாலும் பாட் ரேட், அதாவது தகவல் போகும் வேகம், பொருந்தவில்லை. போர்டு 9600-இல் அனுப்பினால் திரையிலும் 9600 வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினிக்கு 16 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்து நிரல் ஏற்றியிருந்தால் எல்லாமே பாதி வேகத்தில் ஓடும். 4800 வைத்துப் பாருங்கள், தெளிவாகப் படிக்க வரும். இஎஸ்பி8266-இல் தொடக்கத்தில் மட்டும் கிறுக்கல் என்றால் கவலை வேண்டாம், அதன் பூட் செய்தி 74880-இல் வருகிறது.

கேள்வி: செய்தி வருகிறது, நிரல் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

பதில்: ப்ரோ மினி என்றால் டிடிஆரிலிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகும் பாதையைப் பாருங்கள்; பல போர்டுகளில் கபாசிட்டர் ஏற்கனவே இருக்கும். இஎஸ்பி8266 என்றால் ஜிபிஐஓ 0-ஐ ஜிஎன்டியில் வைத்து ரீசெட் செய்ய வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் 0, 1 பின்களில் (அவைதான் அதன் ஆர்எக்ஸ், டிஎக்ஸ்) ப்ளூடூத் மாட்யூல் ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

கேள்வி: பழுது அடாப்டரிலா போர்டிலா, எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போர்டைக் கழற்றிவிட்டு அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரே வயரால் சேருங்கள். டெர்மினலில் லோக்கல் எக்கோவை (தட்டுவதைத் தானே திரையில் காட்டும் வசதி) அணைத்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்து, வயரை எடுத்ததும் நின்றால் கேபிள், டிரைவர், அடாப்டர் மூன்றும் நலம். போர்டுப் பக்கம் தேடுங்கள். கணினியின் பட்டியலில் சீரியல் போர்ட்டே வரவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம். உபுண்டுவில் போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்றால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.