திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்க்குத் தரச்சான்று வாங்கலாமா?

வணக்கங்க. கோபியில் தாத்தா பெட்டியில் கிடைத்த 1862, 1907, 1944 வெள்ளி ரூபாய்களை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கினால் என்ன செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் இரண்டும் நூறு வருடம் தாண்டியவை. 1972 தொல்பொருள் சட்டப்படி அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மிச்சம் 1944 மட்டும்தான். அதில் பாதிதான் வெள்ளி, எங்கேயும் கிடைக்கிற காசும்கூட.

அமெரிக்காவில் நாணயத் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டிலும் முதலில் கண்ணில் படுவது நாணயத்துக்கான கட்டணம். நாணயத்தின் மதிப்பு ஏற ஏற அதுவும் ஏறும். அதன்மேல் பார்சலுக்குக் கையாளும் கட்டணம், போகவர தபால், இன்சூரன்ஸ், நேரடியாக அனுப்பினால் உறுப்பினர் சந்தா, அப்புறம் திரும்பி வரும்போது கஸ்டம்ஸ் தலைவலி. ஒற்றைக் காசின் தலையில் இத்தனையும் ஏறினால் கட்டுபடியாகாதுங்க.

திருநீறு போட்டுத் தேய்த்ததாக எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. 1862-ஐ விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ராணியின் கன்னத்தில் மயிரிழைக் கீறல்கள் மினுங்கினால், இந்தியாவிலேயே தரம் பார்க்கக் கொடுத்தாலும் பயன் குறைவு. இப்படித் தேய்த்த காசுக்கு எழுபதுக்கு இத்தனை என்ற தர எண் கிடைக்காது. குறையுள்ள காசு என்பதற்கு அடையாளமாக ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். கட்டிய பணமும் திரும்பாது.

கோவையில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். 1862, 1907 ஒவ்வொன்றிலும் சுத்த வெள்ளியே பத்தரை கிராமுக்கு மேல் இருக்கிறது. அந்த வெள்ளி விலைக்கும் கீழே கேட்டால் கொடுத்துவிடாதீங்க.