பாப்பா கேட்கிற படிப்பு

அண்ணா, நேற்று போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "பொண்ணப் படிக்க வெச்சு குப்பை அள்ளவாங்க அனுப்பறது?" பாப்பா கேட்பது சுற்றுச்சூழல் பொறியியல்.

உங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கடியில் விழும் துண்டுகளை நீங்கள் தூக்கி எறிவதில்லை. வேஸ்ட்டுக்காரர் எடை போட்டு, காசு கொடுத்து எடுத்துப் போகிறார். அவர் குடோனில் பெண்கள் உட்கார்ந்து சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். அது பஞ்சாகி, ஓ.இ. மில்லில் (கழிவுப் பஞ்சிலும் நூல் நூற்கும் மில்) மறுபடி நூலாகிறது. நிறம் பிரித்துவிட்டதால் பெரும்பாலும் சாயமே போட வேண்டியதில்லை. அவர் வந்தால் சேர் போட்டு டீ சொல்கிறீர்கள். அவர் பார்ப்பதும் கழிவுத் தொழில்தானே?

தெருவில் வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளரைக் கண்டால்தான் நமக்கு முகம் மாறுகிறது. அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்தோம். இழிவு அங்கிருந்து வந்தது, குப்பையிலிருந்து வரவில்லை. மக்குவதையும் மக்காததையும் ஒரே கவரில் நாம் கட்டிக் கொடுக்க, அவர் கையால் பிரிக்கிறார். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கை குப்பையில் படாமல் வேலை நடக்க வழி செய்யத்தான் பாப்பா படிக்க நினைக்கிறாள்.

சரி, வேலை கிடைக்குமா? 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததை நீங்களே பார்த்தவர். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் தெரிந்த ஆள் இல்லாமல் பட்டறை ஒரு நாள் நகராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணியும் உண்டு.

ஆனால் ஐ.டி. மாதிரி ஆரம்பச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். பிளான்ட்டில் வெயிலும் வாடையும் ஷிப்டும் உண்டு. என்னைக் கேட்டால், முதலில் சிவில் அல்லது கெமிக்கல்; அப்புறம் எம்.இ. சுற்றுச்சூழல். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலேயே (ஜி.சி.டி.) அந்த எம்.இ. இருக்கிறது. இப்படிப் போனால் நாளைக்கு மனம் மாறினாலும் வேறு வேலைக்கு வழி இருக்கும். இப்போதே வேண்டுமென்றால் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆற்றல், சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி, மறந்துவிடாதீர்கள்.

கலந்தாய்வில் சாய்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். காலையில் வேண்டாம், மத்தியான வெயிலில் போங்கள். அந்த வாடையிலும் கேள்வி கேட்டுக்கொண்டே நடந்தாள் என்றால் எனக்குப் போன் போடுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து லிஸ்ட் போட்டுவிடலாம்.