எவ்வளவு இழுத்து நீட்டினாலும் கழுத்து, தோள் இறுக்கம் தளரவில்லையே, யோகாவில் என்ன தவறு?

இழுப்பதுதான் பெரும்பாலும் சிக்கல். தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. சட்டென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பும். தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே சுருங்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது எதிர்ப்பக்கம் இழுக்கும். மெதுவாகப் போய், முழுதாக நீட்டாமல் பாதியிலேயே நின்று, ஒன்றிரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். அந்த எதிர்ப்பு பெரும்பாலும் தானாக அடங்கும்.

படுத்துக்கொண்டே தொடங்குவது நல்லது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை வையுங்கள், கீழ்முதுகு ஓய்வெடுக்கும். தோள்களைக் காதுவரை தூக்கி ஐந்து விநாடி இறுக்குங்கள். மூச்சு வெளியேறும்போது அப்படியே விட்டுவிடுங்கள். இறுக்கித் தளர்த்தும் முறையை 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விரிவாக வகுத்தார்.

அப்புறம் தாடை. பல்லைக் கடித்துக்கொண்டே சவாசனத்தில் கிடப்பவர்கள் ஏராளம்! உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்ட வேண்டாம், நாக்கு தளர்ந்து கிடக்கட்டும். கழுத்து இளகுவது பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும், அதனால்தான் அது நீளமாக இருக்க வேண்டும். எண்ணுவதே பதற்றம் தந்தால் எண்ண வேண்டாம், சரியா?

கையில் மரத்துப்போதலோ வலி பரவுவதோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.