கதகளி ஓவியங்கள் நிராகரிக்கப்பட்டது பற்றி

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அடோபி ஸ்டாக் என்ற இணையப் பட விற்பனைத் தளத்துக்கு நீங்கள் அனுப்பிய 12 டிஜிட்டல் ஓவியங்களில் 9 திரும்பி வந்ததாகவும், தரக்குறைவு, அறிவுசார் சொத்துரிமை என்று இரண்டே காரணங்கள் சொல்லப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை உங்கள் திறமைக்கு இடப்பட்ட மதிப்பெண் அல்ல.

பனைமர வயல் படங்களை 1600×1200 அளவில் வரைந்து, பிறகு இரு மடங்காகப் பெரிதாக்கியதாகச் சொல்கிறீர்கள். முதல் அளவில் சுமார் 19 லட்சம் பிக்சல்களே (படத்தின் நுண்புள்ளிகளே) உள்ளன. அடோபி ஸ்டாக் குறைந்தது 40 லட்சம் கேட்கிறது. பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடும், ஆனால் கோடுகளின் ஓரம் மங்கிவிடும், ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது உண்டாகும் கட்டங்களும் பெரிதாகித் தெரியும். படத்தை நூறு விழுக்காட்டில் வைத்துப் பார்க்கும் பரிசோதகரின் கண்ணில் முதலில் படுவது அதுதான். எனவே தொடக்கத்திலேயே 4000×3000 அளவில், எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கான பொது வண்ண முறையில் வரையுங்கள்.

கதகளி முகங்களின் சிக்கல் வேறு. கதகளி யாருக்கும் தனிச்சொத்தல்ல. ஆனால் நாளிதழில் வந்த ஒரு நடிகரின் ஒளிப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால், அந்த ஒளிப்படத்தின் உரிமை எடுத்தவரிடமோ நாளிதழிடமோதான் இருக்கும், முகம் அடையாளம் தெரிந்தால் நடிகரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவைப்படும். உங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் ஆடுபவரிடம் கேட்டு நீங்களே படம் எடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கி வரைந்தால், அந்த ஓவியம் முழுக்க உங்களுடையது. எனக்கு அதுவே மிகச் சிறந்த வழியாகப் படுகிறது.

ஓவியத்தின் மூலையில் இடும் கையொப்பத்தையும் நீக்கிவிடுங்கள்.