திருப்புதல் தேர்வில் மதிப்பெண் சரிந்த பிள்ளையிடம் என்ன பேசுவது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் முதல் திருப்புதல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியிருக்கிறான். மூன்று நாள்களாக யாரிடமும் பேசவில்லை. 'எனக்குப் படிப்பு வராது' என்கிறான். பெற்றோராக நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரி மாதத்தில் என் மகள் இதே நிலையில் இருந்தாள். அப்போது முதல் பத்து நாள்களில் நான் செய்தவை பெரும்பாலும் தவறானவை. அவற்றை மறைக்காமல் சொன்னால் உங்களுக்குப் பத்து நாள்களாவது மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன். நான் ஆசிரியரும் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவன் என்றும், பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறேழு வாரங்கள் இருக்கின்றன என்றும் நானாகக் கருதிக்கொண்டு எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் 500-க்கு 461 எடுத்தவள் என் மகள். பிளஸ் டூ முதல் திருப்புதல் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 21, கணிதத்தில் 90-க்கு 34. இயற்பியல் எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 15 போதும் என்பதால் அவள் தோல்வி அடையவில்லைதான். ஆனால் பத்தாம் வகுப்பு வரை முதல் வரிசையில் இருந்த பிள்ளைக்கு அந்த 21 என்பது தோல்வியைவிடப் பெரிய அடி என்பதை நான் அன்று உணரவில்லை. விடைத்தாளை என்னிடம் நீட்டினாள். பெற்றோர் கையொப்பம் இட்டு மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அடுப்படியில் நின்றபடியே, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையொப்பம் போட்டுவிட்டு, "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவளோ, "உங்களுக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது சரி. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே நான் ஆறுதல் சொல்லியிருந்தேன். படிக்காத கடிதத்துக்குப் பதில் எழுதியதைப் போன்றது அது.

அடுத்த சில நாள்களில் செய்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் எத்தனை மணிக்கு எழுந்து படிக்கிறாள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த டியூஷனுக்கு மேல் இன்னொரு டியூஷனில் பணம் கட்டினேன். என் கணவர் லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கைந்து நாள்கள் வெளியூரில் இருப்பவர். அவர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் முதல் கேள்வியாக "என்னம்மா, டெஸ்ட் வச்சாங்களா, எவ்வளவு?" என்று கேட்பதை நான் தடுக்கவில்லை. அவர் மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அந்த நாள்களில் அப்பாவின் அழைப்பு வந்தாலே அவள் குளியலறைக்குள் போய்விடுவாள்.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில், அந்தத் திருப்புதல் தேர்வில் ஒவ்வொரு மாணவரும் வாங்கிய மதிப்பெண்களை முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தி, குறைந்த மதிப்பெண்களுக்குச் சிவப்பு வண்ணம் இட்டுப் போட்டிருந்தார்கள். அதே குழுவில் இருந்த எங்கள் மதினி அன்று இரவே அழைத்து, "பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார். மறுநாள் பள்ளிக்குப் போய், இனி இப்படிப் போட வேண்டாம், அவரவர் மதிப்பெண்ணை அவரவர் பெற்றோருக்கு அனுப்பினால் போதும் என்று பணிவாகக் கேட்டேன். "போட்டி இருந்தாத்தான் பிள்ளைங்க படிக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. மாணவர்களிடையே மன அழுத்தம் வேண்டாம் என்பதற்காக, மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-ஆம் ஆண்டில் கைவிட்டது. பொதுத்தேர்வுக்கே வேண்டாம் என்று முடிவான தரவரிசையைப் பயிற்சிக்கு நடத்தும் ஒரு தேர்வுக்கு, அதுவும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்கும் இடத்தில், ஏன் போட வேண்டும் என்ற என் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் மகனின் வகுப்பிலும் இப்படி ஒரு பட்டியல் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று நாள் மௌனத்துக்குக் காரணம் மதிப்பெண்ணாக இல்லாமல் அந்தப் பட்டியலாகவும் இருக்கலாம்.

எனக்கு வழி காட்டியவர் நூலகத்துக்கு வரும் ஓர் இளைஞர். குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை முழுவதும் ஒரு நீளநோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். என் மகளைப் பற்றிய கவலையில் இருந்த நான் அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். தவறாகப் போன வினாக்களின் நோட்டு என்றார். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே 'தெரியாது', 'குழப்பம்', 'அவசரம்' என்ற மூன்றில் ஒன்றை எழுதியிருந்தார். "நேத்து 118தான் சரிக்கா. போன வாரம் 131. ராத்திரி சாப்பிடவே பிடிக்கல. காலையில எண்ணிப் பாத்தா, தப்பான 82-ல 30 அவசரத்துல போனது" என்றார். முந்தைய இரவு சாப்பிடப் பிடிக்காமல் இருந்த மனிதர் மறுநாள் காலையில் அதே தாளை வைத்துக்கொண்டு நிதானமாக எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், நான் என் மகளின் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்தத் தாள் பள்ளிக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தது. இயற்பியல் ஆசிரியையிடம் போய் இரண்டு நாளைக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். வாங்கிவந்து மகளிடம், "எனக்கு இயற்பியல் தெரியாது. நான் படித்தது வரலாறு. இந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டு. திட்ட மாட்டேன், அறிவுரையும் சொல்ல மாட்டேன்" என்றேன். முதல் நாள் மறுத்துவிட்டாள். இரண்டாம் நாள் இரவு, பாயில் உட்கார்ந்து நான் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. பகுதிவாரியாக அவள் எடுத்தது முறையே 8, 5, 5, 3. இழந்தது 49. அந்த இளைஞர் செய்ததைப் போலவே அந்த 49-ஐயும் பிரித்தோம். உண்மையிலேயே தெரியாமல் போனவை 14. தெரிந்தும் அலகு எழுதாமல், படம் வரையாமல், சமன்பாட்டில் குறியை மாற்றிப் போட்டு இழந்தவை 12. மீதி 23 மதிப்பெண்ணுக்கான வினாக்களை அவள் எழுதவே இல்லை. மூன்று மதிப்பெண் வினா ஒன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கு. தாளில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

ஏன் என்று கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 24-ஆம் வினாவைக் காட்டினாள். இரண்டு மதிப்பெண் பகுதியில் கட்டாயம் எழுதியாக வேண்டிய கணக்கு அது. விடை வரவில்லை. கட்டாய வினா என்பதால் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அடித்து அடித்து எழுதி, அரை மணி நேரத்துக்கு மேல் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. எழுதாமல் விட்ட ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கில் இரண்டை என்னிடம் வாயாலேயே சொன்னாள். அதில் ஒன்று மின்மாற்றி வேலை செய்யும் விதம். இயற்பியல் தெரியாத எனக்கே புரியும்படி அவள் அதை விளக்கியபோது, அந்தப் பத்து நாள்களில் முதல் முறையாக அவள் குரல் பழைய குரலாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவளே தாளின் ஓரத்தில் பென்சிலால் 21+10 என்று எழுதிப் பார்த்தாள்.

உங்கள் மகன் 'எனக்குப் படிப்பு வராது' என்று சொல்வதற்கு எதிராக நீங்கள் எத்தனை நல்ல வார்த்தை சொன்னாலும், பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் தள்ளிவிடுவான். அவன் கையெழுத்திலேயே இருக்கும் சான்றை அப்படித் தள்ளிவிட முடியாது. எல்லாத் தாளிலும் இப்படி நல்ல செய்தி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கணிதத் தாளில் அது கிடைக்கவில்லை. அங்கே இழந்த 56-இல் பெரும்பகுதி தெரியாமல் போனதுதான். அதை ஒப்புக்கொண்டு, மீதமிருந்த வாரங்களில் எல்லா அத்தியாயங்களையும் பிடித்துவிட முடியாது, ஐந்தை முழுதாகப் படிப்போம் என்று அவளும் அவள் ஆசிரியரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எந்த ஐந்து என்பதில் நான் தலையிடவில்லை.

பிறகு நான் செய்தவை சிறியவை. இரண்டாவது டியூஷனை நிறுத்தினேன். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொதுத்தேர்வு முடியும்வரை மதிப்பெண் கேட்பதில்லை என்று கணவரிடம் வாக்கு வாங்கினேன். அவர் அதற்குப் பிறகு எந்த ஊரில் வண்டி நிற்கிறது, என்ன சாப்பிட்டேன் என்று பேச ஆரம்பித்தார். அவளும் தொலைபேசியை எடுத்தாள். நள்ளிரவுவரை விழித்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுவதை நிறுத்தினோம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்களால் ஏழு மணி நேரத்தைத்தான் எட்ட முடிந்தது.

படிக்கும் முறையையும் மாற்றினாள். அதுவரை பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். அதன் பிறகு ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தாள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே அதிகம் நினைவுகூர்ந்தார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள். இதைப் படித்துச் சொன்னபோது அவள் நம்பவில்லை. இரண்டு வாரம் செய்து பார்த்த பிறகு நம்பினாள்.

செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய், கண்டிப்பு இருந்தால்தான் பிள்ளை உருப்படும் என்று என் உறவினர்களே சொன்னார்கள். இதைப் படிக்கும் சிலரும் சொல்லக்கூடும். ஒரு பிள்ளை தன் தவறுகளை ஒன்றரை மணி நேரம் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டுவதைவிடக் கடினமான கண்டிப்பை நான் பார்த்ததில்லை. ஒரே பிள்ளை என்பதால் உனக்கு நேரம் இருந்தது என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்த ஒன்றரை மணி நேரமே கிடைக்காமல் போகலாம். அந்த இடத்தில் அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ உட்கார்ந்தாலும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் பேசாமல் இருப்பது மனவருத்தமாகவும் இருக்கலாம், அதைத் தாண்டியதாகவும் இருக்கலாம். சாப்பாடும் தூக்கமும் நின்றுபோயிருந்தாலோ, 'நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது' என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்திருந்தாலோ, தாளையும் மதிப்பெண்ணையும் பற்றி எதுவும் பேசாதீர்கள், அவனைத் தனியாகவும் விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கோ தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கோ உடனே அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவன் பேச மறுத்தால் நீங்கள் பேசி ஆலோசனை கேட்கலாம்.

என் மகளுக்கு இரண்டாம் திருப்புதலில் இயற்பியலில் 33 வந்தது. அன்று பள்ளி விட்டு நேராக நூலகத்துக்கு வந்தவள், மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்னால், "இருபத்து நாலாம் கேள்விய அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றாள். பொதுத்தேர்வில் செய்முறை, அகமதிப்பீடு சேர்த்து இயற்பியலில் 74, வேதியியலில் 78, கணிதத்தில் 71. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 147. அவள் விரும்பிய கணினி அறிவியல் கிடைக்கவில்லை. கட்டடப் பொறியியலில் சேர்ந்து இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஏமாற்றம் இன்னும் அவளுக்கு இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகனின் விடைத்தாள் இன்னும் வீட்டில் இருந்தால், கையொப்பம் போட்டு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போய்விட்டது என்றால், தலைமையாசிரியரிடம் போகாமல் நேராக அந்தப் பாட ஆசிரியரிடம் கேளுங்கள். எங்களுக்கு அவர் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார்.