கோலாவில் கரும்புச் சர்க்கரை இருந்தால் கல்லீரல் தப்பிக்குமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 43. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.2, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 268. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, முதல் நிலை என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கம் கிடையாது. அமெரிக்கக் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாக கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) ஊற்றுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், அரசாங்கமே சோளத்துக்கு மானியம் கொடுத்து ஜனங்களைக் கெடுக்கிறது என்கிறார். அதனால் மெக்சிகோவிலிருந்து வரும் கரும்புச் சர்க்கரை கோலாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்து, தினமும் ராத்திரி சாப்பாட்டோடு இரண்டு பாட்டில் குடிக்கிறார். காபிக்கு நாட்டுச்சர்க்கரை. "இது நல்ல கோலா" என்று எட்டு வயது மகனுக்கும் கொடுக்கிறார். அவர் சொல்வது சரியா? காரேஜில் இன்னும் 18 பாட்டில் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஈரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், அம்மா. உங்கள் கணவர் கோலாவை மாற்றினாரே தவிர, சர்க்கரையைக் குறைக்கவில்லை. இன்றைக்கே நிறுத்த வேண்டியது அந்த இரண்டு பாட்டிலை. ஆனால் அவர் கேட்கும் கேள்வி சரியான கேள்வி. சும்மா "குடிக்காதீர்கள்" என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

நான் அயோவாவில் குடும்ப மருத்துவர். கிளினிக்கின் கார் நிறுத்துமிடம் முடிகிற இடத்தில் மக்காச்சோள வயல் தொடங்குகிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வரும் விவசாயி ஒருவர் அறுவடை நேரத்தில் ஒரு காய்ந்த கதிரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு மணியின் தலையிலும் நகத்தால் அழுத்தியதுபோல ஒரு குழி. கடித்துப் பார்த்தேன், பல்தான் வலித்தது. நாம் வேகவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிச் சாப்பிடுகிற கதிர் இல்லை இது. மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகவும், எத்தனால் ஆலைக்கும் போகிற சோளம். ஆண்டுக்குச் சுமார் 9 கோடி ஏக்கரில் இதை விதைக்கிறார்கள். அதில் குளிர்பானத்துக்கான சிரப்பாக மாறுவது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான்.

கல்லாக இருக்கும் அந்த மணி இனிப்பாவது எப்படி? ஆலையில் அதை ஊறவைத்து அரைத்து மாவுச்சத்தைப் பிரிக்கிறார்கள். நொதிகளைச் சேர்த்தால் மாவு உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. சாதாரண கார்ன் சிரப் அவ்வளவுதான், அதன் இனிப்பு குறைவு. இன்னொரு நொதியைக் கொண்டு குளுக்கோஸில் ஒரு பகுதியை, பழங்களில் இருக்கும் சர்க்கரையான ஃப்ரக்டோஸாக மாற்றினால் இனிப்பு ஏறும். அதுதான் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப். 1957இல் அமெரிக்காவில் இந்த மாற்றம் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி வளர்த்தார்கள்.

"ஹை ஃப்ரக்டோஸ்" என்ற பெயர்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. சாதாரண கார்ன் சிரப்போடு ஒப்பிட்டால்தான் அது அதிகம். குளிர்பானத்தில் சேர்க்கும் வகையில் 55 சதவீதம் ஃப்ரக்டோஸ், 42 சதவீதம் குளுக்கோஸ். கரும்புச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி. 355 மில்லி கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. கார்ன் சிரப் என்றால் அதில் ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 21 கிராம், கரும்பு என்றால் 19 கிராம் சொச்சம். அரை டீஸ்பூன்கூட வித்தியாசம் இல்லை. தேனில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம், அதை யாரும் விஷம் என்பதில்லை.

இன்னொன்று சொன்னால் உங்கள் கணவருக்கு ஆச்சரியமாக இருக்கும். கரும்புச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஜோடியாகப் பிணைந்திருக்கும். கோலா புளிப்பான பானம். அந்த அமிலத்தில் ஜோடி தானாகவே பிரிய ஆரம்பித்துவிடும், காரேஜில் நாள்பட நாள்பட இன்னும் பிரியும். அவர் மூடியைத் திறக்கும்போது உள்ளே இருப்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே கார்ன் சிரப்பைப் போலத்தான் ஆகியிருக்கும். பிரியாமல் மிஞ்சியதைச் சிறுகுடல் பிரித்துவிடும்.

அப்புறம் அது ஈரலுக்குப் போகிறது. குளுக்கோஸை உடம்பின் எல்லாத் தசைகளும் பயன்படுத்தும். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைச் சமாளிப்பது ஈரல் மட்டும்தான். பழமாகச் சாப்பிட்டால் நாரோடு மெதுவாக வரும், ஈரல் பார்த்துக்கொள்ளும். பானமாகக் குடித்தால் சில நிமிடங்களில் வந்து கொட்டுகிறது. அதுவும் சோறோ சப்பாத்தியோ சாப்பிட்டு, ஈரல் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நேரத்தில். மிஞ்சியதை அது கொழுப்பாக மாற்றுகிறது. ஒரு பங்கு அங்கேயே தங்குகிறது, ஸ்கேனில் தெரிந்தது அதுதான். ஒரு பங்கு ரத்தத்தில் இறங்குகிறது, டிரைகிளிசரைடு 268 என்று வந்திருப்பது அதனால்தான் இருக்க வேண்டும். யூரிக் அமிலமும் ஏறும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கார்ன் சிரப் பானம், ஒரு குழுவுக்குச் சர்க்கரை பானம், இன்னொரு குழுவுக்குச் சர்க்கரை இல்லாத பானம், 16 நாள். 2021இல் முடிவு வந்தது. இனிப்புப் பானம் குடித்த இரண்டு குழுவினருக்கும் ஈரலில் கொழுப்பு கூடியிருந்தது.

கார்ன் சிரப்மேல் இவ்வளவு சந்தேகம் வந்ததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 2004இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவில் உடல் பருமன் ஏறிய காலமும் இந்தச் சிரப் பரவிய காலமும் ஒன்றாக இருப்பதைக் காட்டி, இதுவே காரணமாக இருக்கலாமே என்று கேட்டது. நானும் அதை நம்பினேன். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள் என்று நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். பலர் அதை அப்படியே கேட்டு, சர்க்கரை சேர்த்த பானத்துக்கு மாறினார்கள், எடையும் குறையவில்லை, சர்க்கரை அளவும் குறையவில்லை. அந்த அறிவுரைக்காக இன்றும் வருந்துகிறேன். 1999க்குப் பிறகு அமெரிக்கர்கள் இந்தச் சிரப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனால் பருமன் அன்றைக்குப் பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேர், 2020 வாக்கில் 42 பேர். அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2008இலேயே மற்ற இனிப்புகளைவிட இது அதிகமாகப் பருமனை உண்டாக்குவதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது.

மெக்சிகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வருவது அந்த ஊர் கோலாதான். அங்கேயும் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குமேல் பருமன், சர்க்கரை நோய் மரணத்துக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். அந்த வரி கரும்பா சோளமா என்று பார்ப்பதில்லை. நம் ஊரில் கார்ன் சிரப் கோலா கிடையாது, எல்லாம் கரும்புதான். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். அதற்குச் சர்க்கரை மட்டும் காரணமில்லை, தட்டு நிறையச் சோறும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் சேர்ந்துதான். ஆனால் கரும்பு நம்மைக் காப்பாற்றவில்லை.

சரி, மானியத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. 1970களில் அமெரிக்க அதிபர் நிக்சனின் வேளாண் செயலராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலி ஓரம் வரை விதையுங்கள் என்று விவசாயிகளைத் தூண்டினார். விலை விழுந்தால் அரசு ஈடுகட்டும் என்ற ஏற்பாடு 1973 சட்டத்தில் வந்தது. சோளம் குவிந்தது. பிற்பாடு நேரடிப் பணம் தருவது 2014 சட்டத்தோடு நின்றாலும், பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதம் போல அரசே கட்டுகிறது.

அவர் கவனிக்காதது மறுபாதி. கரும்புக்கும் சலுகை உண்டு, அது மானியமாக வராமல் விலையாக வருகிறது. 1974இல் பழைய சர்க்கரைச் சட்டம் காலாவதியானது, அதே வருடம் உலகச் சந்தையில் சர்க்கரை விலை எகிறியது. 1981இல் உள்நாட்டுச் சர்க்கரைக்கு ஆதரவு விலை, 1982இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு இறக்குமதி ஒதுக்கீடு. பல ஆண்டுகள் அமெரிக்காவில் சர்க்கரை உலக விலையைப்போல இரு மடங்கு விற்றது. கோலா கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? 1980இல் பாதி, 1984 முடிவதற்குள் முழுவதுமாகச் சிரப்புக்கு மாறிவிட்டார்கள். ஆக, கரும்புக்கும் சர்க்கரை பீட்டுக்கும் கொடுத்த பாதுகாப்புதான் சோளச் சிரப்புக்குக் கதவைத் திறந்தது. அதன்பிறகு இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டார்கள். சோளத் தரப்பு சிரப்புக்குச் 'சோளச் சர்க்கரை' என்று பெயர் மாற்றக் கேட்டது. சர்க்கரைத் தரப்பு 2011இல் வழக்குப் போட்டது. 2012இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெயர் மாற்றத்தை மறுத்தது. வழக்கு 2015இல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசத்தில் முடிந்தது. 2025 ஜூலையில் டிரம்ப் கோலாவில் கரும்புச் சர்க்கரை வரப்போகிறது என்று அறிவித்ததும், கம்பெனி அப்படி ஒரு வகையைக் கூடுதலாகக் கொண்டுவருவதாகச் சொன்னதும் இந்தப் பழைய சண்டையின் தொடர்ச்சிதான். இது வயலுக்கும் வயலுக்கும் இடையிலான வியாபாரச் சண்டை. உங்கள் கணவர் இதை மருத்துவச் செய்தியாக எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை.

மானியத்தை எடுத்துவிட்டால் ஜனங்கள் இளைத்துவிடுவார்களா என்றும் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் மாறாது என்பதே பதில், ஏனென்றால் ஒரு கேன் கோலாவின் விலையில் சோளத்தின் பங்கு மிகமிகக் கொஞ்சம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அமெரிக்க வேளாண் சட்டத்தில் கீரை, காய், பழங்களுக்குப் பெயர் 'சிறப்புப் பயிர்கள்'. தினமும் தட்டில் இருக்க வேண்டியதற்குச் சிறப்புப் பயிர் என்று பெயர்! பொதுப்பணத்தின் பெரும்பங்கு சோளம், சோயா, கோதுமை பக்கமே போகிறது. கதிரைக் கொண்டுவந்தாரே அந்த விவசாயி, அவருக்கும் சர்க்கரை நோய். 800 ஏக்கர் விதைக்கிறார், வீட்டுக்குத் தக்காளி வாங்க 25 மைல் போகிறார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி. 6.2 என்றால் இன்னும் திரும்பி வரலாம். இரண்டு பாட்டிலில் 78 கிராம், கிட்டத்தட்ட 20 டீஸ்பூன். ஒருநாள் ராத்திரி அவர் எதிரிலேயே ஒரு டம்ளரில் 20 டீஸ்பூன் சீனியை எண்ணிப் போட்டுக் காட்டுங்கள். என் அறையில் இதைச் செய்யும்போது பத்தாவது ஸ்பூனிலேயே முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்த்த சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் அடக்கம், கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கிறது என்பதற்காக ஈரல் அவற்றை மன்னித்துவிடாது. ஆரஞ்சு ஜூஸும் அப்படியே. ஆரஞ்சை உரித்துச் சாப்பிடட்டும்.

லேபிளில் கார்ன் சிரப் இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, 'ஆடட் ஷுகர்ஸ்' என்ற வரியில் எத்தனை கிராம் என்று பாருங்கள். நாலு கிராம் ஒரு டீஸ்பூன். ரொட்டியிலும் கெட்சப்பிலும் இருக்கும் ஒன்றிரண்டு கிராமுக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதலில் குடிப்பதை நிறுத்தட்டும். எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் காட்டியது. அவர் ஒல்லியாகத் தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம், நம் இனத்தாருக்குக் குறைந்த எடையிலேயே இது வரும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி, டிரைகிளிசரைடு, ஈரல் பரிசோதனை மூன்றையும் உங்கள் டாக்டரிடம் மறுபடி எடுங்கள். மருந்து தேவையா என்பதை அவர் அப்போது பார்த்துச் சொல்வார்.

மகனைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் அவனை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ஈரலில் கொழுப்பு இருந்த 11 முதல் 16 வயதுப் பையன்களுக்கு எட்டே வாரம் சேர்த்த சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திப் பார்த்தார்கள். ஈரல் கொழுப்பு சராசரி 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. 2019இல் வந்த ஆய்வு இது. பிள்ளைகளின் ஈரல் அவ்வளவு சீக்கிரம் நல்லபடி திரும்பும். "நல்ல கோலா" என்று அவனிடம் சொன்னதை அப்பாவே திருத்திச் சொல்லட்டும், அவர் சொன்னால்தான் கேட்பான். பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தனுப்புங்கள், ஜூஸ் பெட்டி வேண்டாம்.

அந்த 18 பாட்டிலைக் கொட்ட மனசு வராது, தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், எதிரில் இருந்தால் கை போகும். பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ நாலைந்து பேர் வரும்போது ஒரு பாட்டிலைத் திறந்து சின்ன டம்ளர்களில் பகிர்ந்து கொடுங்கள். அதற்குள் தேதி முடிந்துவிட்டால் சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.